ஆளுக்கொரு கட்டம்

கடலை ஆராய்வதற்காகவே கட்டப்பட்ட அந்த நிலையத்தில் கடலைப் பார்ப்பதற்குத் தடை இருந்தது.

கட்டடம் என்னவோ கடற்கரையிலேயேதான் நின்றது. அலை கொஞ்சம் வீம்பாக வந்தால் வாசற்படியில் நுரை தெறிக்கும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கேட், திறக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டும். ஆனால் கடல் பக்கத்துச் சன்னல்கள் எல்லாவற்றுக்கும் தடித்த பச்சைத் திரை போட்டு, திரையின் ஓரங்களை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர் கடலை நேரில் பார்த்துவிட்டால் அவருக்குப் பக்கச்சார்பு வந்துவிடும் என்பது நிலையத்தின் கொள்கை. கடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கணினியில் இருக்கும் மாதிரியைப் பார்க்க வேண்டும். மாதிரி என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கரையையும் கடலையும் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் தண்ணீர் எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதைக் கண்டுபிடித்தவர்கள் மேல் இந்தக் கதைக்கு எந்த வருத்தமும் கிடையாது.

இந்த நிலையம் ஒரு நாள் விளம்பரம் கொடுத்தது. கரையோரக் கடல் மாதிரியாக்கத்தில் பட்டதாரிகளுக்கு அரிய ஆய்வு வாய்ப்புகள் காத்திருக்கின்றன என்றும், வாய்ப்பு கிடைப்பதே ஒரு வாய்ப்பு என்றும் அதில் எழுதியிருந்தது. அதைச் சின்னவள் பார்த்தாள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பெரியவளான அக்கா, ஓடைக்கரைத் தெருவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். கடலிலிருந்து கிளம்பும் ஓடை பட்டறையின் பின்வாசல் வரைக்கும் வரும். எஞ்சின் இருமுகிற படகுகள் அந்த வழியாகவே வந்து பின்பக்கம் கட்டிக்கொள்ளும். அக்கா கையைக் கிரீஸில் முக்கிக்கொண்டு தங்கையைப் படிக்க வைத்தது அந்த ஓடையை நம்பித்தான்.

அதே ஓடைதான் உயிரையும் வாங்கியது. பௌர்ணமிக்குப் பொங்கும் கடல் ஓதமும் தெற்குக் காற்றும் கைகோத்துக்கொண்டால் ஓடை தெருவுக்குள் ஏறிவிடும். போன வருஷம் விடியற்காலையில் அப்படி ஏறியபோது, கீழே படுத்திருந்த அக்காவின் மகள் மெத்தையோடு மிதந்து கதவருகே போய்விட்டாள். குழந்தை அழக்கூட இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டே இருந்தது. அக்கா தடுமாறி எழுந்து அவளைப் பிடித்தபோது கதவுக்கு வெளியே தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பௌர்ணமி வந்தாலே அக்கா உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

தெரு முனையில் நகராட்சி வைத்த அபாயச் சங்கு ஒன்று கம்பத்தின் மேல் இருந்தது. தண்ணீர் வருமுன் ஊத வேண்டியது அதன் வேலை. திறப்பு விழாவன்று ஊதியதோடு சரி. அது ஆய்வு நிலையத்தின் மாதிரியோடு இணைக்கப்பட்டிருந்தது. தெருவில் தண்ணீர் ஏறும் என்று மாதிரி சொன்னால்தான் ஊதும். மாதிரி சொல்லவே இல்லை. அக்கா நகராட்சியில் புகார் கொடுத்தபோது, நிலையத்தின் வரைபடப்படி அந்தத் தெருவுக்குக் கடல்நீர் வர வழியே இல்லை, ஆகவே வந்தது கடல்நீர் அல்ல, குழாய் கசிவாக இருக்கலாம் என்று பதில் வந்தது. நிலையம் அனுப்பும் வரைபடம் எதுவோ அதுவே ஊர் என்று நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது.

ஆகவே சின்னவள் விண்ணப்பித்தாள். நம் தெருவை அந்த மாதிரிக்குள் ஏற்றிவிட்டுத்தான் வருவேன் என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா ஸ்பானரைக் கீழே வைக்காமலேயே, சங்கு ஊதினால் போதும், நீ பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

நேர்முகத் தேர்வில் இயக்குநர் கேட்ட முதல் கேள்வி நீச்சல் தெரியுமா என்பது. தெரியும் என்றாள் சின்னவள், கொஞ்சம் பெருமையாகவே. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கடலில் இறங்கும் பழக்கம் உள்ளவர் மாதிரியில் மனம் ஒன்றமாட்டார் என்று இயக்குநர் விளக்கினார். பிறகு, கடலைப் பற்றி இதுவரை என்ன தெரியும் என்றார். அவள் ஓதம், காற்று, ஓடை என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். தெரிந்ததையெல்லாம் மறப்பதற்கு அவளுக்கு அவகாசம் தருவதாகச் சொல்லி, வாய்ப்பை வழங்கினார்.

அந்த அவகாசத்துக்கு நிலைபெறும் காலம் என்று பெயர். மாதிரியை ஓடவிடும்போது முதலில் அசையாத தண்ணீரிலிருந்து தொடங்குவார்கள். அது தட்டுத்தடுமாறி நிலைக்கு வரும் வரைக்கும் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதிரிக்கு இது நியாயம். நிலையத்தில் மாணவர்களுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர் கூட்டத்தில் எது சொன்னாலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது. ஒருமுறை மின்விசிறியிலிருந்து புகை வருகிறது என்று சின்னவள் சொன்னாள். எல்லோரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். மின்விசிறி எரிந்து விழுந்த பிறகு, நிலைபெற்ற ஒருவர் அதையே சொன்னார். உடனே தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

அவளுக்குப் பக்கத்து மேசை வெடியண்ணனுடையது. அவர் நிலையத்தின் மிக மூத்த மாணவர். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவார். கணக்கு ஓடும்போது ஏதாவது ஒரு கட்டத்தில் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருத்து, ஓதம் மலையுயரத்துக்கு எழுந்து, கணினி அப்படியே நின்றுவிடுவது உண்டு. அதை வெடிப்பது என்பார்கள். அவருடைய மாதிரி மற்றவர்களுடையதைவிட அதிகமாக வெடித்ததால் அந்தப் பெயர். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற இடத்தில், அங்கே வெடிச்சுதா என்று கேட்பார்கள்.

வெடித்தால் என்ன செய்வது என்று சின்னவள் கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் வெடியண்ணன். "கணக்கை இன்னும் சின்னச் சின்ன அடியா நடக்க விடலாம். அப்ப வெடிக்காது. ஆனா முடிய நேரமாகும். தேநீர் இடைவேளைக்குள்ள முடியணும்னு இங்க விதி. அதனால ரெண்டாவது வழி."

"என்னது அது?"

"எந்தக் கட்டம் வெடிக்குதோ அதை நிலம்னு மாத்திடறது. தண்ணி இல்லாத இடத்துல என்ன வெடிக்கும்?"

அதுதான் அங்கே பட்டம் வாங்கும் முறை. ஆளுக்கொரு கட்டம். ஆய்வின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் தனக்கு உரிமையான ஒரு கட்டத்தை மாற்றி, மாதிரியை இன்னும் நிலையாக்கிவிட்டுப் போக வேண்டும். நிலையத்தின் முன்தோட்டத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாகப் பதித்திருந்தன. பட்டம் பெறும் நாளில் மாணவர் அங்கியோடு குனிந்து ஒரு கல்லை வைப்பார். இயக்குநர் அதன்மேல் தன் கைக்குட்டையால் ஒரு துடை துடைப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். ஒரு கல் என்றால் ஒரு கட்டம் கடல் போயிற்று என்று அர்த்தம். மாதிரியில் துறைமுகத்தின் வாய் பாதி மூடியிருந்தது. இரண்டு தீவுகள் கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. வெடியண்ணன் இன்னும் தன் கட்டத்தைத் தொடவில்லை. அவர் பிறந்து வளர்ந்த தீவுக்குப் போகும் நீர்வழியில்தான் அவருக்கு வெடித்துக்கொண்டிருந்தது. மனசு வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

வரிசையின் முதல் கல் மற்றவற்றைவிடப் பெரியது. அது இயக்குநருடையது. எந்தக் கட்டம் என்று சின்னவள் வரைபடத்தில் தேடிப் பார்த்தாள். கடலிலிருந்து ஓடை பிரிகிற இடம். ஓடையே மாதிரியில் இல்லை. ஓடைக்கரைத் தெரு நட்டநடு நிலத்தில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஊரைப்போலப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. சங்கு பிறகு எப்படி ஊதும்?

அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னாள். குறிப்பில் ஏறவில்லை. நிலைபெறும் காலம் முடிந்த மறுநாளே எழுந்து மறுபடியும் சொன்னாள். இந்த முறை கேட்டார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு தகப்பனின் கனிவோடு பேசினார்.

"நான் மாணவனா இருந்தப்ப அந்த ஓடை என்னைப் பாடாப் படுத்திச்சு. எத்தனை தடவை ஓட்டினாலும் அங்கதான் வெடிக்கும். என்கூடச் சேர்ந்தவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தேன். அந்தக் கட்டத்தை நிலமாக்கினேன். தேநீர் ஆறறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிடுச்சு. கடலை எப்படி அடக்கறதுன்னு உலகமே தவிச்சிட்டிருந்த காலம் அது. அடங்காத இடத்தைக் கடல்னு சொல்லாம இருந்தா போதும்னு கண்டுபிடிச்சது நான்தான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆனால் அங்கே நிஜமாகவே தண்ணீர் இருக்கிறதே என்றாள் சின்னவள். அவள் பார்த்திருக்கிறாளா என்று இயக்குநர் கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றாள். அப்படியானால் அவள் கருத்து பக்கச்சார்புடையது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த மாதப் பௌர்ணமியில் தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. பட்டப்பகலிலேயே ஓடை தெருவுக்குள் வந்தது. சங்கு கம்பத்தின் மேல் காக்கை உட்கார இடம் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தது. அக்கா விழித்திருந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் பிரித்துப் போட்டிருந்த எஞ்சின்கள் உப்புநீரில் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்தபோது பட்டறையின் மூலையில், கழற்றி வைத்த எஞ்சின் மூடிக்குள் ஒரு கடல்மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

சின்னவள் அதை வாளியில் போட்டு, ஓடைத்தண்ணீரும் ஊற்றி, நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் மீனைச் சமாதானப்படுத்திக்கொண்டே போனாள் என்றுகூடச் சொல்லலாம். கூட்ட அறையின் மேசை நடுவே வாளியை வைத்தாள். அறையில் இருந்தவர்களில் பலர் உயிருள்ள கடல்மீனை அன்றுதான் பார்த்தார்கள்.

"இது மீன்தான். அதை நான் மறுக்கல," என்றார் இயக்குநர். "ஆனா இது தரவா?"

மீனைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் தலைவர் யார் என்பதில் இழுபறி வந்து, அதைத் தீர்க்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். ஒற்றை மீனை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது என்றார் ஒருவர். மீன் சம்பவ இடத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு மீனைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றார் இன்னொருவர். இவர்கள் பேசி முடிப்பதற்குள் மீன் செத்துப்போனது. ஆதாரம் நிலைபெறவில்லை என்று எழுதி, சந்தையில் வாங்கியதாக இருக்கக்கூடும் என்றும் சேர்த்துக் குழு கலைந்தது. சின்னவள் வாளியோடு கழிவறையில் நின்று அழுதாள். மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்து யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

அவளுக்கு வெற்றி கிடைக்கவில்லை என்று முழுக்கச் சொல்ல முடியாது. மாதிரிக்கும் தரைக்கும் முரண்பாடு இருக்கலாம் என்று ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டது. முரண்பாடு என்று ஒன்று ஏறிவிட்டால் அதை விட்டுவைக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். மாதிரியோ விருது வாங்கியது. தரை இதுவரை எந்த விருதும் வாங்கியதில்லை. ஆகவே தரையைத் திருத்தும்படி நகராட்சிக்குப் பரிந்துரை போயிற்று.

லாரிகள் மறுவாரமே வந்தன. நகராட்சிப் பொறியாளர் நேர்மையான மனிதர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார், ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. ஓடையின் வாயில் மண்ணையும் கல்லையும் கொட்டி, உருளை விட்டு அழுத்தி, ஓரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சும் போட்டுக் கொடுத்தார். பழுதுக்கு வந்திருந்த படகுகள் பட்டறைக்குப் பின்னால் சேற்றில் சாய்ந்து கிடந்தன. புதுப் படகு வர வழியில்லை. தெருவின் மழைத்தண்ணீர் வடியவும் வழியில்லாமல் தேங்கி நாறியது. நிலையத்தில் மட்டும் கொண்டாட்டமாக இருந்தது. மாதிரிக்கும் தரைக்கும் நூற்றுக்கு நூறு பொருத்தம் என்று அடுத்த விருதுக்கு விண்ணப்பித்தார்கள். முரண்பாட்டைச் சுட்டிக்காட்டிய மாணவி என்று சின்னவளுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா பட்டறை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஸ்பானர் இல்லாமல் சின்னவள் பார்த்ததே இல்லை.

"நம்ம தெருவை மேப்புல ஏத்திட்டு வர்றேன்னு போனே," என்றாள் அக்கா. "அவங்க மேப்பைக் கொண்டுவந்து தெருவுல இறக்கிட்டாங்க."

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா அதைக் களைப்பாகச் சொன்னாள். சின்னவள் இனி அந்த நிலையத்தின் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, அந்த முடிவோடு படுத்து, காலையில் எழுந்தபோது அவளுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அவளுக்கு உரிமையான கட்டம் இன்னும் பாக்கி இருந்தது.

விதியை எடுத்துப் படித்துப் பார்த்தாள். மாணவர் ஒரு கட்டத்தை மாற்றலாம், மாற்றத்தால் மாதிரி நிலையாக வேண்டும், அவ்வளவுதான். கடலை நிலமாக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எல்லோரும் அப்படியே செய்துவந்ததால் யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. ஓடையின் கட்டம் இயக்குநருடையது. அதைத் தொட அவளுக்கு உரிமை கிடையாது. ஆனால் கடலும் அடைபட்ட ஓடைவாயும் சேரும் மூலையில், போக வழியில்லாமல் தண்ணீர் எண்களாக முட்டிக்கொண்டு, அவள் கணக்கில் அங்கேதான் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ள இடம் கொடுத்தால் போதும். அந்த மூலைக்கு அடுத்த கட்டத்தில் ஒரே ஒரு கட்டடம் இருந்தது. சின்னவள் அந்தக் கட்டத்தைக் கடலாக்கினாள்.

மாதிரி வெடிக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் கணக்கு முடிந்தது. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த வெடியண்ணன், திரையில் கட்டத்தின் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய் அவளுக்கும் சேர்த்து ஒரு தேநீர் வாங்கி வந்தார்.

தேர்வுக் குழு அவள் ஆய்வை ஒரே அமர்வில் ஏற்றுக்கொண்டது. கணக்கின் முடிவைக் காட்டும் கோடு நெளியாமல் போகிறதா என்று மட்டும் பார்ப்பது அவர்கள் வழக்கம், கோடு நெளியவில்லை. எந்தக் கட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கட்டமானால் என்ன, எல்லாம் கடல்தானே என்று இயக்குநர் தட்டிக்கொடுத்து, வழக்கம்போல் புதிய வரைபடத்தில் கையெழுத்திட்டு நகராட்சிக்கு அனுப்பினார். கல் வைக்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். கைக்குட்டை சலவைக்குப் போயிற்று.

விழாவன்று எல்லோரும் அங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கேட் அலறியது. மண்தோண்டும் இயந்திரம் ஒன்றும் அதன் பின்னால் லாரிகளும் நின்றன. நகராட்சிப் பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, இயக்குநருக்கு வணக்கம் சொன்னார்.

"இந்தக் கட்டம் வரைபடத்துல கடலா இருக்குங்க ஐயா. தரை நிலமா இருக்கு. முரண்பாடு. போன தடவை மாதிரியே சரிபண்ணிடறோம். சாமானெல்லாம் எடுத்துக்க ஒரு மணி நேரம் தர்றேன்."

இயக்குநர் முதலில் சிரித்தார். பிறகு வரைபடத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். இது நிலையம், கல்லும் சிமென்ட்டுமாக எதிரில் நிற்கிறது, கண் தெரியவில்லையா என்று கேட்டார்.

"கண்ணால பாக்கறது பக்கச்சார்பு ஐயா," என்றார் பொறியாளர். "ஓடை சமயத்துல நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

இயக்குநர் உள்ளே ஓடி, கடல் பக்கத்துச் சன்னலின் பச்சைத் திரையைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் தெறித்தன. அதோ, அங்கேதான் கடல், இங்கே நாம் நிற்பது நிலம், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. அங்கியோடு நின்ற ஆய்வாளர்கள் சன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். அதில் ஒருவர், கடலில் பெரிய பட்டம் வாங்கியவர், இவ்வளவு பெருசா என்று முணுமுணுத்தார்.

பொறியாளர் அசையவில்லை. மாதிரி தவறு என்று இயக்குநர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலையை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். ஆனால் ஓடையை அடைத்ததும் அதே மாதிரியைப் பார்த்துத்தான் என்பதால், அந்த வரி அதற்கும் சேர்த்துத்தான் என்றார். இயக்குநர் இதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். பொறியாளர் கையை அசைத்தார். இயந்திரம் தோட்டத்துக்குள் இறங்கி, வெள்ளைக் கற்களின் வரிசையில் முதல் கல்லை அள்ளி லாரியில் போட்டது.

இயக்குநர் காகிதம் கேட்டு வாங்கி எழுதினார்: "மாதிரிக்கும் தரைக்கும் முரண்பாடு தோன்றினால், சில அபூர்வமான சமயங்களில், தரையையும் பரிசீலிக்கலாம்." பொறியாளர் படித்துவிட்டு, போதாது என்று தலையாட்டினார். இயந்திரம் இன்னொரு வாய் அள்ளியது. அபூர்வமான என்பதை இயக்குநர் அடித்தார். தோட்டத்துச் சுவர் சரிந்தது. சில சமயங்களில் என்பதையும் அடித்தார். இயந்திரத்தின் கை வாசற்படி பக்கம் திரும்பியபோது, பரிசீலிக்கலாம் போய், கடைசியில் தரையே சரி, மாதிரி தவறு என்று ஆயிற்று. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நெளிந்தது. பொறியாளர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லாரிகளை அப்படியே ஓடைப் பக்கம் திருப்பினார்.

ஓடையின் வாய் அன்று மாலைக்குள் திறந்தது. சேற்றில் சாய்ந்திருந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சிமென்ட் பெஞ்சை எடுக்க உத்தரவில்லை என்று விட்டுவிட்டுப் போனதால் அது இப்போதும் தண்ணீருக்குள் இருக்கிறது. படகு கட்ட வசதி.

சின்னவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. மாதிரி தவறு என்று இயக்குநரே எழுதிக் கொடுத்துவிட்டபடியால், அந்த மாதிரியை வைத்துச் செய்த ஆய்வு செல்லாது என்றார்கள். முன்னே பட்டம் வாங்கியவர்களுடையது செல்லுமா என்று அவள் கேட்டாள். அவர்கள் வாங்கியபோது மாதிரி சரியாக இருந்தது என்று பதில் வந்தது. இயக்குநருக்கு ஒரு குறையும் வரவில்லை. தன் மாதிரியின் தவறைத் தானே முதலில் கண்டறிந்தவர் என்று அவருக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்கள். நிலையத்தில் பிழை ஆய்வுப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதற்கு அவரையே தலைவராக்கினார்கள். பட்டதாரிகளுக்கு அரிய ஆய்வு வாய்ப்புகள் என்று மறுபடியும் விளம்பரம் வந்திருக்கிறது. திரைகளையும் புதிதாக மாட்டிவிட்டார்கள், இந்த முறை நீல நிறத்தில்.

அவளையும் நிலையத்திலிருந்து அனுப்பிவிடவில்லை. அனுப்பினால் ஏன் என்று எழுத வேண்டியிருக்கும். நகராட்சி ஓடையை மாதிரிக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதால், அந்தச் சில்லறை வேலையை அவளிடமும் வெடியண்ணனிடமும் தள்ளிவிட்டார்கள். இருவரும் கணக்கைச் சின்னச் சின்ன அடியாக நடக்கவிட்டார்கள். தேநீர் இடைவேளை போய், சாப்பாட்டு வேளை போய், சாயங்காலம் ஆனது. வெடிக்கவில்லை. வெடியண்ணன் தன் தீவுக்குப் போகும் நீர்வழியையும் அவளுடையதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கழிவறைக்குப் போனார்.

அடுத்த பௌர்ணமியன்று தெற்குக் காற்று காலையிலேயே எழுந்தது. சின்னவள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் ஒரு சத்தம் கிளம்பி, திரைகளையும் தாண்டி உள்ளே வந்தது. அறையில் இருந்தவர்கள் என்ன சத்தம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி சங்கு இது, காது கிழியுது," என்று கத்தினாள் அக்கா. "எஞ்சினையெல்லாம் மேல ஏத்திட்டேன். பாப்பாவை மாடிக்கு அனுப்பிட்டேன். தெருவே மாடியிலதான் நிக்குது. தண்ணிய மட்டும் காணோம். இந்தத் தடவையும் உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"வரும்க்கா. இரு," என்றாள் சின்னவள்.

போனை வைக்காமல் இருவரும் காத்திருந்தார்கள். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது.

"அம்மா, தண்ணி வருது. நம்ம கதவுகிட்ட வந்து யாரும் இல்லைன்னு பாத்துட்டு நிக்குது."

சின்னவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்துபோய், நீலத் திரையின் ஓரத்து ஆணியைப் பிடுங்கினாள்.